கடன் கொப்பி மட்டும் என்னிடம்

எங்கள் பேக்கரியில் நாளைக்கு எத்தனை பாண் போடுவது என்பதை இப்போது நான் முடிவு செய்வதில்லை. தேயிலைத் தோட்ட ஊரான தலவாக்கலையில் என்னைத் தெரிந்தவர்களுக்கு இது பெரிய செய்தி. நடுராத்திரியில் எழும்பி மா குழைத்து, விடிவதற்குள் ஓட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு, பகல் முழுக்கக் கல்லாவில் உட்கார்ந்திருந்தவள் நான். நுவரெலியா ஹோட்டல்காரர்கள் பேச வரச் சொல்வது பின்னேரத்தில். அந்த நேரத்தில் எனக்குக் கண் சொக்கும். பிறகு எங்கே புது ஓடர் பிடிப்பது?

வேலைக்கு ஆள் எப்போதும் இருந்தார்கள். ஆனால் "அக்கா, இது போதுமா? அக்கா, எடுக்கவா?" என்று எல்லாம் என்னிடமே வந்து நிற்கும்.

முதலில் கைமாறியது மா. இங்கே டிசம்பர், ஜனவரிக் குளிரில் ஈஸ்ட் சோம்பிப்போகும். கொழும்பில் வேலை பழகி வந்த தம்பி அங்கே ஊற்றிய மாதிரியே பச்சைத்தண்ணீர் ஊற்றினால், விடிந்தாலும் மா எழும்பாது. நான் கையை வைத்துப் பார்த்துச் சுடுதண்ணீர் கலப்பேன். என் கையை அவருக்குக் கழற்றிக் கொடுக்க முடியாதே. ஒரு தெர்மோமீட்டர் வாங்கி, சுவரில் கணக்கை எழுதி ஒட்டினேன்: 52இல் இருந்து கோதுமை மாவின் சூட்டைக் கழி, வருவது தண்ணீரின் சூடு. கோதுமை மா 17 டிகிரி என்றால் தண்ணீர் 35. குழைத்து முடிக்கும்போது 26க்குப் பக்கத்தில் நிற்கும். மிக்சர் கொடுக்கிற சூட்டால் கொஞ்சம் கூடலாம். பேக்கரித் தொழிலில் இது பழைய கணக்குத்தான், என் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. தம்பிக்கு இப்போது என் கை தேவைப்படுவதில்லை.

எடை பார்ப்பது இன்னும் சுலபம். 2024இல் வந்த அரசாங்க வர்த்தமானிப்படி முழுப் பாண் 450 கிராம், 13.5 கிராம் வரை குறையலாம். வெந்த பாணை நிறுத்துக் கொப்பியில் எழுத வேண்டும், அவ்வளவுதான். ஐயாயிரம் ரூபாய்க்குள் எது பழுதானாலும் என்னைக் கேட்காமல் செய்துகொள்ளலாம் என்றும் சொல்லிவிட்டேன். போன் அடிப்பது பாதியாகக் குறைந்தது.

பாண் எண்ணிக்கைதான் லேசில் கைவிட்டுப் போகவில்லை. எங்கள் வியாபாரம் தோட்டத்துச் சம்பளத்தோடு ஓடுவது. பத்தாம் தேதி சம்பளம் போட்டால் பனிஸும் கேக்கும் பறக்கும். இருபதாம் தேதிக்கு மேல் வெறும் பாண், அதிலும் பாதிப் பாண். தோட்டத்தில் இடையில் கையில் கொடுக்கிற கைக்காசு வந்தால் மறுபடி கொஞ்சம் ஏறும். கோயில் திருவிழா, போயா, பள்ளிக்கூட லீவு எல்லாவற்றுக்கும் கணக்கு மாறும். இதையெல்லாம் கலண்டரில் குறித்துக் கொடுக்கலாம். ஆனால் சாவு வீட்டுக்கும் பாண் கூடத் தேவை. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், விழுகிற சாவை எந்தக் கலண்டரில் குறிப்பது? அது எனக்கு முன்னால், லயத்துக்குப் பாண் கொண்டுபோகிற ஓட்டோ அண்ணனுக்குத் தெரியும். அப்படியென்றால் எண்ணிக்கையை ஏன் நான் சொல்ல வேண்டும்?

"தங்கச்சி, மேல் டிவிசன்ல ஒரு பெரியவர் தவறிட்டார். நாளைக்கு அறுபது கூட்டிப் போடச் சொல்லிட்டேன்" என்று அவர் சொன்ன அன்று நான் நானுஓயாவில் ஒரு ஹோட்டல் மேனேஜரோடு பேசிக்கொண்டிருந்தேன். சரி என்று மட்டும் சொன்னேன். மிஞ்சுவதை ரஸ்க் போடுகிறோம். எவ்வளவு மிஞ்சியது என்பது தினமும் கொப்பியில் ஏறும். சனிக்கிழமை அதை நான் பார்ப்பேன்.

தோட்டத்தில் பிறந்தவளுக்கு இந்த ஏற்பாடு புதிதில்லை. தோட்ட மேனேஜரான பெரியதுரை கொழுந்து நிறுப்பதில்லை. நிறுக்கிற கொட்டகையான மடுவத்தில் அதற்கு வேறு ஆள் உண்டு, துரை பார்ப்பது வேலைக் கணக்குப் புத்தகமான செக்ரோலை. ஆனால் இதன் மறுபக்கத்தையும் நம் ஆட்கள் அனுபவித்திருக்கிறார்கள். ஆளைச் சேர்ப்பதும் ஆளுக்குக் கடன் வைப்பதும் பெரிய கங்காணி ஒருவர் கையிலேயே இருந்த காலத்தில், அவர் தலைக்காசு வாங்கினார், மற்றவர்கள் கடனோடு தோட்டம் தோட்டமாக மாறினார்கள். கடனை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஆளை மாற்றிய அந்தத் துண்டு முறை ஒழிய 1921 ஆனது. கம்பனிகளில் பொறுப்பைப் பகிர்வது பற்றிப் பேசுகிறவர்கள் இந்தக் கதையையும் கொஞ்சம் கேட்கலாம்.

அதனால்தான் கடன் கொப்பி இன்னும் என்னிடம். லயத்துக்குப் பாண் கொண்டுபோகிறவரே யாருக்குக் கடன், யாருக்கு இல்லை என்றும் முடிவு செய்வதில் எனக்கு இஷ்டமில்லை. ஓட்டோ அண்ணன் நல்ல மனிதர், ஆனாலும் இதில் அவருக்குக் கொஞ்சம் மனவருத்தம்தான். அவர் சொல்லச் சொல்ல நானே எழுதுகிறேன். ஹோட்டல் ஓடர் இன்னும் இரண்டு சேர்ந்தால் எனக்கு அதற்கும் நேரம் இருக்காது. அப்போது கொப்பி கல்லாவில் இருக்கிற தங்கச்சியிடம் போகும். ஓட்டோவில் ஏறாது.