ஒரு ஆளை விடுவிக்க ரெண்டு புத்தகம் கேட்டாங்க

ரோஜாப் போர்னாலே இங்கிலாந்துதான் ஞாபகம் வரும், யார்க் வீடு, லங்காஸ்டர் வீடுன்னு ரெண்டு ராஜ வம்சம் கிரீடத்துக்காக முப்பது வருஷம் வெட்டிக்கிட்டது. ஆனா அதுல ஒரு பெரிய சண்டை கடல் தாண்டி அயர்லாந்துல நடந்துச்சு, 1462-ல, கில்கென்னி மாவட்டத்துல பில்டவுன்ங்கிற ஊர்கிட்ட. மத்த சண்டையெல்லாம் மறந்தாலும் இது எனக்கு மறக்காது.

அங்க அப்போ பெரிய கைன்னா பட்லர் வீடும் ஃபிட்ஸ்ஜெரால்ட் வீடும்தான். பட்லர் வீட்டுத் தலைவர் ஆர்மண்ட் பிரபு, கில்கென்னி கோட்டை அவங்க கையில. ஃபிட்ஸ்ஜெரால்ட்ல ஒரு கிளை டெஸ்மண்ட் பிரபுக்கள், தெற்கே மன்ஸ்டர் பக்கம். நிலத்துக்கும் அதிகாரத்துக்கும் இவங்களுக்குள்ள தலைமுறை தலைமுறையா பகை, அதனால பட்லர்கள் லங்காஸ்டர் பக்கம் நின்னதும் டெஸ்மண்ட் ஆளுங்க யார்க் பக்கம். என்னைக் கேட்டா ராஜா யாருங்கிறதெல்லாம் இவங்களுக்கு ரெண்டாம்பட்சம்தான், பழைய பங்காளிச் சண்டைக்கு இங்கிலாந்து ஒரு காரணம் குடுத்துச்சு, அவ்ளோதான்.

1461 மார்ச்ல இங்கிலாந்துல டவ்டன்ங்கிற இடத்துல லங்காஸ்டர் படை தோத்துச்சு, அப்புறம் 5வது ஆர்மண்ட் பிரபு ஜேம்ஸ் பட்லரைப் பிடிச்சு தலையை வெட்டிட்டாங்க. தம்பி ஜான் படையோட அயர்லாந்து வந்தார், அவங்க சொந்தத்துல எட்மண்ட் மக்ரிச்சர்ட் பட்லரும் கூட நின்னார். எதிர்ல டெஸ்மண்ட் வாரிசு தாமஸ். பட்லர் படை நொறுங்கிப்போச்சு. பழைய ஐரிஷ் ஆண்டுக்குறிப்பு ஒன்னு சொல்லுது, புதைச்சவங்க மட்டும் 410 பேராம், நாயும் பறவையும் தின்னது கணக்குலயே இல்லையாம். இதைப் படிச்சப்போ எனக்கு வயிறு கலங்கிடுச்சு.

மக்ரிச்சர்ட் உயிரோட மாட்டிக்கிட்டார். அந்தக் காலத்துல ஒரு பிரபு கையில கிடைச்சா அதுதான் பெரிய வரும்படி, காசு கேக்கலாம் மாடு கேக்கலாம் நிலம் கேக்கலாம், ஆனா அவரை விடுறதுக்கு தாமஸ் வாங்கினது ரெண்டு சுவடி. ஒன்னு காரிக் புத்தகம், இன்னொன்னு மக்ரிச்சர்ட் 1453, 54 வாக்குல தனக்காகவே ஐரிஷ் எழுத்தர்களை உக்கார வச்சு எழுத வச்சது. பில்டவுன்ல தோத்து இப்படி கை மாறிச்சுன்னு அந்தச் சுவடிலயே ஒரு குறிப்பு இருக்கு, அது இப்போ ஆக்ஸ்ஃபோர்டு பாட்லியன் லைப்ரரில லாட் 610-ங்கிற நம்பர்ல இருக்கு.

அதுக்குள்ள என்ன இருக்குன்னு பாத்தா மனசு நெகிழ்ந்துடும், புனிதர்களோட நாள் வரிசையைச் சொல்ற பழைய பாட்டு, ஃபின் மக்கூல்ங்கிற ஐரிஷ் புராண வீரனோட கூட்டத்துக் கதை, வம்சாவளி, எல்லாமே ஐரிஷ் உலகத்தோடது. பட்லரும் ஃபிட்ஸ்ஜெரால்டும் வெளியிலேர்ந்து படையெடுத்து வந்தவங்களோட வம்சம், ஆனா இந்தக் காலத்துக்குள்ள அந்த மண்ணோட மொழியில ஊறிட்டாங்க. தாமஸோட தாத்தா, 3வது டெஸ்மண்ட் பிரபு ஜெரால்ட், ஐரிஷ்ல கவிதை எழுதினவர்! அதனால அந்தப் புத்தகத்தோட மதிப்பு ரெண்டு வீட்டுக்கும் ஒரே மாதிரி தெரிஞ்சிருக்கு, ஒரே கதையைக் கேட்டு வளந்தவங்கதான் ஒருத்தரை ஒருத்தர் நானூறு பேருக்கு மேல கொன்னுருக்காங்க, எனக்கு இதுதான் தாங்கல.

தாமஸுக்கும் நல்ல முடிவு இல்ல. ஜெயிச்சதுக்கு அடுத்த வருஷம், 1463-ல, யார்க் வம்சத்து நாலாம் எட்வர்ட் ராஜா அவரை அயர்லாந்துல தன்னோட பிரதிநிதியாக்கினார். அப்புறம் அந்தப் பதவிக்கு வந்த ஜான் டிப்டாஃப்ட் 1468 பிப்ரவரில ட்ரோஹெடாவுல அவர் தலையை வெட்டிட்டார். குற்றச்சாட்டு என்னன்னா ஐரிஷ்காரங்களோட கூட்டு, அவங்களோட வளர்ப்புப் பிள்ளை உறவு (ஒரு வீட்டுப் பிள்ளையை இன்னொரு வீட்டுல வளக்குறது), அவங்களுக்கு குதிரையும் ஆயுதமும் குடுத்தது. எந்த ராஜா வம்சத்துக்காக பில்டவுன்ல நின்னாரோ அதே ராஜாவோட ஆளு கையாலயே சாவு.

ரோஜாப் போரே முடிஞ்சு பல வருஷம் ஆகியும் இந்த ரெண்டு வீடு மட்டும் ஓயல. 1565-ல வாட்டர்ஃபோர்டு பக்கம் அஃபேன்ல திரும்ப மோதினாங்க, அப்போ சண்டை போட யார்க்கும் இல்ல லங்காஸ்டரும் இல்ல. இந்தத் தடவை ஜெயிச்சது பட்லர், காயத்தோட பிடிபட்டது டெஸ்மண்ட் பிரபு.