பழைய பிக்-அப்பில் இருப்பது எந்த கியர் பாக்ஸ்?

காசிமேட்டில் மீன் ஏற்றி ஓடிய பழைய பிக்-அப் ஒன்றை வாங்கியவர், கிளட்ச் பிளேட்டோ ஆயில் சீலோ வாங்கப் போகும் நாளில்தான், வண்டியில் இருப்பது எந்த கியர் பாக்ஸ் என்ற கேள்வியைச் சந்திக்கிறார். ஆர்.சி. புத்தகத்தில் சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் இருக்குமே தவிர, கியர் பாக்ஸைப் பற்றி ஒரு சொல்லும் இராது. எஞ்சினை மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிய வேண்டும். கியர் பாக்ஸுக்கு அந்தக் கட்டாயம் இல்லாததால், பல கை மாறிய வண்டியில் காயலான் கடையிலிருந்து வந்த வேறொன்று பொருத்தப்பட்டிருப்பது அதிசயமன்று. ஆகவே மாடல் பெயரை மட்டும் வைத்து முடிவு செய்வதை நான் ஏற்பதில்லை.

ஒரே நிறுவனத்தின் வண்டிகளிலேயே எவ்வளவு வேறுபாடு என்பதற்கு மகிந்திராவே போதும். வில்லிஸ் ஜீப்பின் வழிவந்த அதன் பழைய வண்டிகளில் மூன்று கியர் கொண்ட டி-90 இருந்தது. பின்னர் நான்கு கியர் கொண்ட கே.எம்.டி.-90, அதற்கும் பின்னர் ஐந்து கியர் கொண்ட என்.ஜி.டி.-520 ஆகியவை வந்தன. கியர் ராடின் குமிழில் பொறித்த படத்தையும் நம்ப வேண்டியதில்லை. குமிழ் எந்தக் கடையிலும் கிடைக்கும். எஞ்சினை நிறுத்திவிட்டு, கிளட்சை மிதித்து, ஒவ்வொரு கியரும் ரிவர்ஸும் எங்கே விழுகின்றன என்று கையாலேயே உணர்ந்து குறித்துக்கொள்வது நல்லது.

அடுத்த வேலை வண்டியின் அடியில். ஐஸ் உருகி வழியும் உப்புநீர் ஆண்டுக்கணக்கில் அரித்ததில், மீன் வண்டிகளின் கியர் பாக்ஸில் எண் பொறித்த தகடு ஏதேனும் இருந்திருந்தாலும் படிக்கும் நிலையில் இருப்பது அரிது. கியர் பாக்ஸின் மேல் மண்ணெண்ணெய் ஊற்றி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, சாக்பீஸைப் படுக்கவைத்துப் பூசினால், வார்ப்பில் புடைத்திருக்கும் எண்கள் தெளிவாகத் தெரியும். ஆனால் அந்த எண் வெளிக்கூட்டுக்கு மட்டுமே உரியது. ஒரே கூட்டுக்குள் வெவ்வேறு பல்சக்கர விகிதங்கள் இருக்கலாம். குத்திப் பொறித்த எண் தனியாக இருந்தால் அதையே முதன்மையாகக் கொள்ள வேண்டும்.

அமெரிக்க பிக்-அப்புகளைப் பற்றிப் படித்துவிட்டு, அடியில் படுத்து போல்ட்டுகளை எண்ணும் நண்பர்களும் எனக்கு உண்டு. அங்கே பெரும்பாலானவை ஆட்டோமேட்டிக். ஆயில் பேனில் 11 போல்ட் இருந்தால் ஃபோர்டு சி4, 17 இருந்தால் சி6 என்று அடையாளம் காண்பார்கள். நம்முடைய மேனுவல் பெட்டிகளுக்கு அந்தக் கணக்கு உதவாது.

எண் எதுவும் கிடைக்காதபோது விகிதத்தை அளப்பதே நம்பத்தக்க வழி. முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின் அச்சைத் தூக்கி ஸ்டாண்டில் உறுதியாக நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, பேட்டரி ஒயரைக் கழற்றிவிட வேண்டும். டீசல் எஞ்சினைக் கையால் சுற்றுவது கடினம் என்பதால் குளோ பிளக்குகளையோ (எஞ்சினைச் சூடாக்கும் பிளக்குகள்) டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களையோ கழற்றினால் அழுத்தம் குறையும். பிறகு எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் கிராங்க் புல்லியிலும் கியர் பாக்ஸுக்குப் பின்னால் செல்லும் ஷாஃப்டிலும் சாக்பீஸால் கோடிட்டு, முதல் கியரில் ஷாஃப்ட் பத்துச் சுற்று சுற்ற எஞ்சின் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணி, அதைப் பத்தால் வகுக்க வேண்டும். ஒரே சுற்றில் அளந்தால் பிழை பெரிதாகிவிடும். எல்லாக் கியர்களுக்கும் இவ்வாறு செய்து, கிடைக்கும் விகிதங்களை சர்வீஸ் கையேட்டின் அட்டவணையோடு ஒப்பிட வேண்டும். பெரும்பாலான நான்கு கியர் பெட்டிகளில் நான்காவது நேர் கியர் என்பதால் எஞ்சினும் ஷாஃப்டும் சமமாகச் சுற்றும். ஐந்தாவதில் எஞ்சினைவிட ஷாஃப்ட் வேகமாகச் சுற்றினால் அது ஓவர்டிரைவ்.

கிளட்ச் பிளேட்டுக்கு மட்டும் இந்தக் கணக்கும் போதாது. பெட்டியை இறக்கிய பின், பழைய பிளேட்டையே கடைக்கு எடுத்துச் சென்று, அதன் விட்டத்தையும் நடுத்துளையின் பற்களையும் புதியதோடு ஒப்பிட்டு, வண்டிக்குத் திரும்பி இன்புட் ஷாஃப்டில் செருகிப் பார்த்த பிறகே மற்றவற்றைப் பூட்ட வேண்டும்.