பத்மநாபபுரத்தில் ஒரு சங்கைத் தேடி

கன்னியாகுமரி மாவட்டத்துத் தக்கலை பஸ் ஸ்டாண்டிலிருந்து பத்மநாபபுரம் அரண்மனை ஏறக்குறைய 2 கிலோமீட்டர்தான். அதுக்கு ஆட்டோக்காரர் இருநூறு கேட்டார். "ரிட்டன் சவாரி கெடைக்காது அண்ணே" என்று ஒரே பிடிவாதம். பேசிப் பேசி நூற்றிருபதுக்கு இறக்கினேன். அதுவும் அநியாயம்தான். வெயில் இல்லாத நேரமென்றால் நடந்தே போயிடுங்க.

அந்தக் கடுப்பு வாசல் பலகையைப் பார்த்ததும் போச்சு. நிற்பது தமிழ்நாட்டு மண். அரண்மனையைப் பராமரிப்பதோ கேரளத் தொல்லியல் துறை. அதனால் பலகையில் கேரள அரசு முத்திரை: நடுவில் சங்கு, இருபுறமும் யானை, மேலே சாரநாத் சிங்கம்.

அந்தச் சங்கு திருவிதாங்கூர் ராஜ்ஜியத்தோடது. அந்த ராஜ்ஜியத்தின் தலைநகரே 1795 வரை இந்தப் பத்மநாபபுரம்தான்! மார்த்தாண்ட வர்மா 1750-ல் நாட்டையே பத்மநாபசுவாமி காலடியில் ஒப்படைத்து, 'பத்மநாபதாசன்' என்ற பெயரில் ஆண்டார். நாட்டுக்கு உடையவர் பெருமாள் என்றால், முத்திரையில் அவர் கையிலுள்ள சங்கு இருப்பதுதானே முறை?

தோவாளையில் எங்க ஆச்சி பெட்டியில் 'சக்கரம்' என்கிற திருவிதாங்கூர் செம்புக் காசு ஒன்று கிடந்தது. ஒரு பக்கம் ராஜா தலை, மறுபக்கம் இதே சங்கு, தேய்ந்தும் வரி தெரியும். அந்த நாளில் 28 சக்கரம் ஒரு ரூபாய்.

1956 நவம்பர் 1-ல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. நமக்குக் கோபுரமும் 'வாய்மையே வெல்லும்' என்ற வாசகமும் உள்ள முத்திரை. சங்கு கேரளத்தோடு போனது. சிங்கம் மட்டும் ரெண்டு பேருக்கும் பொது. 1950 ஜனவரி 26-ல் நாட்டுச் சின்னமாகிவிட்டதே.

உள்ளே மூலிகைக் கட்டில், கண்ணாடி மாதிரி மின்னும் கருப்புத் தரை எல்லாம் விளக்குகிறார்கள். முத்திரை பற்றி ஒரு வார்த்தை இல்லை. இவ்வளவு கூட்டம் வரும் இடத்தில் ஒரு விளக்கப் பலகை வைக்க என்ன செலவாகிவிடும்? எனக்குப் பெரிய வருத்தம் இது.

வெளியே வந்து சின்னக் கடையில் புட்டு, பயறு, பப்படம், மட்டிப்பழம். ஆட்டோ காசில் பாதிகூட ஆகவில்லை, வயிறு நிறைந்தது. பழத்தைப் புட்டோடு பிசைந்து சாப்பிடுங்க, தனியாத் தின்னு வீணாக்காதீங்க.

திங்கட்கிழமை அரண்மனை லீவு. உதயகிரிக் கோட்டையும் பக்கத்தில்தான். குளச்சல் போரில் தோற்றுப் பிடிபட்டு, பிறகு இதே ராஜ்ஜியத்துக்குத் தளபதியான டச்சுக் கம்பெனிப் படைக்காரர் டிலனாய் கல்லறை அங்கே. காலையிலேயே கிளம்பினால் ரெண்டையும் பார்த்துவிடலாம்.