நிலைப்படியை அளந்தாயிற்றா?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் தனியாக ஆக்குபேஷனல் தெரபி (நோய்க்குப் பிறகு அன்றாட வேலைகளைத் தானே செய்ய உதவும் சிகிச்சை) தொடங்குகிறவர்கள் முதலில் கிளினிக்குக்கு இடம் பார்க்கிறார்கள். அதற்கு முன் நல்ல அளவு டேப் ஒன்று வாங்குங்கள். இங்கே நம் வேலை பெரும்பாலும் வீட்டுக்குள்தான். பிள்ளைகள் வெளியூரில், பெரிய வீட்டில் ஆச்சியும் சமையலுக்கு ஒருவரும். பக்கவாதத்துக்குப் பிறகு ஆஸ்பத்திரி வராந்தாவில் நன்றாக நடந்த ஆச்சி, வீட்டுக்கு வந்ததும் உயர்ந்த கூடமான பட்டாலையை விட்டு இறங்கமாட்டார். நிலைப்படி தாண்டப் பயம்.

சாய்தளத்துக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு என்பது கணக்கு: ஆறு அங்குல உயரத்துக்கு ஆறடி நீளம். பழைய வீட்டு நிலைப்படிக்கு இருபக்கமும் தரை உண்டு. பலர் ஒரு பக்கம் மட்டும் பலகை போட்டுவிடுகிறார்கள். சக்கர நாற்காலி ஏறி, மறுபக்கம் தொப்பென்று விழுகிறது. இரண்டு பக்கமும் வேண்டும். தேக்கு நிலையில் ஆணி அடிக்க எந்த வீட்டிலும் சம்மதிக்கமாட்டார்கள், கேட்கவும் கூடாது. எடுத்து வைக்கக்கூடிய மரச் சாய்தளம் செய்து, அடியில் ரப்பர் ஒட்டுங்கள். வழவழப்பான ஆத்தங்குடித் தரைக் கல்லில் ரப்பர் இல்லாமல் எதுவும் நிற்காது. ஈரம் பட்டால் கால்கூட நிற்காது.

குளியலறைக் கைப்பிடிக் கம்பியில்தான் அதிகம் தப்பு நடக்கிறது. சுண்ணாம்புப் பூச்சு கனமாக இருக்கும். சின்ன பிளாஸ்டிக் பிளக் பூச்சை மட்டும் பிடித்துக்கொண்டு, ஒருநாள் பூச்சோடு கையில் வந்துவிடும். செங்கல்வரை இறங்கும் திருகு வேண்டும். விரியும் வகை போல்ட் பழைய செங்கலைப் பிளக்கும். பசை ஊற்றிப் பொருத்தும் கெமிக்கல் ஆங்கர் நல்லது. சுவர் சரியில்லையென்றால் தரையில் கால் ஊன்றும் கம்பி. பசை காய்ந்தபின் முதலில் உங்கள் முழு எடையையும் போட்டு இழுத்துப் பாருங்கள்.

கைக்கு ஸ்ப்ளின்ட் (கையைச் சரியான நிலையில் தாங்கும் பட்டை) செய்கிறவர்களுக்கு ஒன்று. தெர்மோபிளாஸ்டிக் தகடு 65 - 70 டிகிரி வெந்நீரில் இளகும். பக்கவாதக் கைக்கு மணிக்கட்டு 20 - 30 டிகிரி மேல்நோக்கி இருக்கும்படி வளைப்பது வழக்கம். முதல் அரைமணி கழித்துக் கழற்றித் தோலில் சிவப்பு இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். சித்திரை வெயிலில் மூடிய காரில் வைத்தால் வடிவம் கெடும்; வெந்நீரில் கழுவினாலும் அப்படியே. வீட்டாரிடம் இதை இரண்டு தடவை சொல்லுங்கள்.

விரல் பயிற்சிக்குப் பிளாஸ்டிக் கட்டைகளைவிடக் கொட்டான் என்னும் ஓலைக்கூடை பின்னும் பனையோலை மேல். ஓலையைக் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் சேர்ந்து பிடித்து இழுக்கவேண்டும், மறு கை அழுத்திக்கொள்ள வேண்டும். முன்பு பின்னிய ஆச்சிக்குச் சொல்லித்தரவே தேவையில்லை. கை இறுக்கமாக இருந்தால் அகலமான, நனைத்த ஓலையில் தொடங்குங்கள்.

படிப்பின் கடைசிக் கட்டம் இன்டர்ன்ஷிப். முடித்த கையோடு தனியே வராதீர்கள். இரண்டு வருஷமாவது நரம்பியல் மறுவாழ்வுப் பிரிவில், மூத்தவர் ஒருவர் கண் முன்னால் வேலை பார்க்கவேண்டும். துணை மருத்துவத் தொழில்களுக்கான 2021ஆம் ஆண்டுச் சட்டம் நம் தொழிலைப் பிசியோதெரபியிலிருந்து தனியாகவே வகைப்படுத்தியிருக்கிறது. ஆனால் ஊரில் பிசியோதெரபி என்று நினைத்து “கரண்ட் வைப்பீங்களா?” என்றுதான் கேட்பார்கள். ஆக்குபேஷனல் தெரபியைச் சுருக்கி ஓ.டி. என்றால் ஆபரேஷன் தியேட்டர் என்று நினைக்கிறவர்களும் உண்டு. “ஆச்சி தானாகக் குளிக்க, உடுத்த, சாப்பிட வழி செய்கிறோம்” என்று சொன்னால் உடனே புரியும்.

முதல் வருகைக்கு ஒன்றரை மணி ஒதுக்கி, அதற்குத் தனிக் கட்டணம் வாங்குங்கள். போக்குவரத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். அன்றாட வேலைகளை எவ்வளவு தானாகச் செய்கிறார் என்று அளக்கும் பார்த்தெல் அளவுகோலில் பத்துச் செயல்கள், நூறு மதிப்பெண். முதல் நாளும் ஆறாவது வாரமும் போட்டு, அனுப்பிய டாக்டருக்கு ஒரே பக்கத்தில் எழுதி அனுப்புங்கள். அடுத்த நோயாளி அந்த ஒரு பக்கத்தால்தான் வருவார்.

பதினைந்து நாள் கழித்து மறுபடி போகும்போது வாக்கரின் ரப்பர் தேய்ந்திருக்கிறதா, சுருட்டி வைக்கச் சொன்ன மிதியடி திரும்ப வந்துவிட்டதா என்று பாருங்கள். ஆச்சி பின்கட்டுக்குப் போய் வருகிறாரா என்பதை மட்டும் சமையல்காரரிடம் கேளுங்கள். ஆச்சி எப்போதும் “நல்லாத்தான் இருக்கேன்” என்றுதான் சொல்வார்.