1982: ஒன்பதே ஆட்டம், ஒரு கோப்பை

அமெரிக்க ஃபுட்பால் லீக்கான என்எஃப்எல்லின் 1982 சீசன் இரண்டே வாரத்தில் நின்றுபோனது. மொத்த வருமானத்தில் 55 சதவீதம் கேட்டு வீரர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள், 57 நாள். 16 ஆட்டம் 9 ஆனது. லீக்கின் இரண்டு பாதிகள்தான் கான்ஃபரன்ஸ், அவற்றுக்குள் இருக்கும் சிறு பிரிவுகள் டிவிஷன். டிவிஷன் கணக்கை விட்டுவிட்டு கான்ஃபரன்ஸுக்கு 8 அணி எடுத்தார்கள். அதனால்தான் 4-5 (4 வெற்றி, 5 தோல்வி) என்றிருந்த கிளீவ்லாண்டும் டெட்ராய்ட்டும் பிளேஆஃப் எனும் நாக்-அவுட் சுற்றுகளுக்குள் வந்தன.

வாஷிங்டன் 8-1. உதைப்பவர் மார்க் மோஸ்லி கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைக்கும் ஃபீல்ட் கோலில் 21 முயற்சிக்கு 20 அடித்து எம்விபி, அதாவது சீசனின் மதிப்புமிக்க வீரர் ஆனார். வேறெந்த உதைப்பவருக்கும் அது கிடைத்ததில்லை.

குறுகிய சீசன் என்று வாஷிங்டன் வென்ற இந்தக் கோப்பையை மட்டம் தட்டுவது நியாயமே இல்லை. ஒரு சுற்று கூடுதல். டெட்ராய்ட், மினசோட்டா, டல்லாஸ், மியாமி என நாலு பேரையும் சாய்க்க வேண்டியிருந்தது.

இறுதி ஆட்டமான சூப்பர் பவுலின் கடைசிக் கால்பகுதி, மியாமி 17-13 முன்னிலை. நான்காவது டவுன், அதாவது 10 யார்டு முன்னேறக் கிடைக்கும் நாலு முயற்சியில் கடைசி; தேவை ஒரே யார்டு. வாஷிங்டனின் ஜான் ரிக்கின்ஸ் பந்தோடு இடப்பக்கம் வளைகிறார். மியாமியின் டான் மெக்நீல் கையில் அவர் ஜெர்சி சிக்குகிறது, பிடி நழுவுகிறது. 43 யார்டு ஓட்டம், கோல் கோட்டைத் தாண்டி டச்டவுன். முடிவு 27-17.