கோர்க்காவில் ஒரு நடவு

மன்னார்குடிக்குத் தெற்கே பாமணியாற்றை ஒட்டிய ஊர் எங்களுடையது. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் தாண்டிப் போனபோது எங்கள் கொல்லையில் நின்ற தென்னைகளில் மிஞ்சியது மூன்று. கரண்ட் இல்லை, தண்ணீர் இல்லை, வாசலை மறித்து ஒரு மரம் கிடந்தது. மூன்றாம் நாள் மினி லாரியில் ஐந்தாறு பையன்கள் அறுவை மெஷினோடு வந்தார்கள், மரத்தை அறுத்து ஒதுக்கினார்கள், அம்மா போட்ட கடுங்காப்பியைக் குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்கள். எந்த ஊர் என்றுகூட நாங்கள் கேட்கவில்லை. அந்தக் கடன் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

அடுத்த ஆனியில் நான் நேபாளம் கிளம்பியதற்கு அதுதான் காரணம். திருச்சியில் ஏசி அறையில் கணக்குப் பார்க்கும் வேலை, ஒரு மாதம் சம்பளமில்லாத லீவு. அம்மா, "ஏண்டி, இங்க இல்லாத வேலையா?" என்றாள். நியாயமான கேள்விதான், ஆனால் வெளியூர்க்காரர்கள் எங்களுக்காக வந்ததைப் போல நானும் ஒருமுறை வெளியூர்க்காரியாகப் போய் நிற்க வேண்டும் என்று தோன்றிவிட்டது.

முதலில் ஒரு ஏஜென்சியில் விசாரித்தேன், காசு கட்டினால் இரண்டு வாரம் ஏதோ ஒரு குழந்தைகள் காப்பகத்தில் சேவை செய்யலாம் என்றார்கள். கல்லூரித் தோழி தடுத்தாள். அங்கே பல காப்பகங்களில் இருக்கும் பிள்ளைகளுக்கு அப்பாவோ அம்மாவோ இருக்கிறார்களாம், வெளிநாட்டுக்காரர்கள் வந்து பணம் தருவார்கள் என்பதற்காகவே கிராமத்திலிருந்து கூட்டி வருவதும் உண்டாம். இரண்டு வாரம் கொஞ்சிவிட்டுக் கிளம்புகிறவர்களால் ஒரு குழந்தைக்கு என்ன நன்மை? நீங்களும் இப்படிப் போவதாக இருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். கல் சுமக்கலாம், கல் நம்மைத் தேடி அழாது.

அப்படித்தான் கோர்க்கா மாவட்டத்து மலைக் கிராமம் ஒன்றில் பள்ளிக்கூடம் கட்டும் வேலைக்குச் சேர்ந்தேன். சென்னையிலிருந்து கோரக்பூருக்கு ரயில், அங்கிருந்து பஸ்ஸில் சுனௌலி, அப்புறம் எல்லை வளைவைத் தாண்டி நடை. விசா வேண்டாம். கடிகாரத்தை 15 நிமிடம் முன்னே தள்ளி வைக்க வேண்டும், அந்த வருடம் நம்முடைய 100 ரூபாய்க்கு மேற்பட்ட நோட்டு அங்கே செல்லாது, நம் 100 அவர்களுக்கு 160.

2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்தின் மையம் இந்த மாவட்டத்துப் பார்பாக் பக்கம்தான். நாடு முழுக்கக் கிட்டத்தட்ட 9,000 பேர் இறந்தார்கள். நேபாளத்தில் வார விடுமுறை சனிக்கிழமை, பூமி குலுங்கியதும் ஒரு சனிக்கிழமை. அந்தக் கிராமத்தில் பள்ளிக்கூடம் இடிந்து விழுந்தபோது உள்ளே ஒரு பிள்ளையும் இல்லை. இதைச் சொல்லும்போது ஊர்க்காரர்கள் ஒவ்வொருவரும் ஒரு நொடி நிறுத்திவிட்டுத்தான் தொடர்ந்தார்கள்.

முதல் மூன்று இரவும் எனக்குத் தூக்கம் வரவில்லை. தமிழ் காதில் விழாத இடத்தில் நான் இருந்ததே இல்லை, இந்தியும் அரைகுறை. காலை பத்து மணிக்கே பருப்பும் சோறும், ராத்திரி மறுபடியும் அதே. வேலை என்றால் கல் சுமப்பது. டோக்கோ என்ற மூங்கில் கூடையை முதுகில் வைத்து, நாம்லோ என்ற பட்டையை நெற்றியில் மாட்டிக்கொண்டு ஏற வேண்டும். தலையில் சும்மாடு வைத்துச் சுமக்கிற பெண்களைப் பார்த்து வளர்ந்தவள் நான், சுமந்தவள் இல்லை. நாலாவது நடையில் கழுத்து பிடித்துக்கொண்டது. முன்னால் போன அக்கா கீழே இறங்கி வந்து, பட்டையை நெற்றியிலிருந்து இரண்டு விரல் மேலே தள்ளி உச்சிப் பக்கம் வைத்தார். "பிஸ்தாரை, பஹினி" என்றார். மெதுவா, தங்கச்சி.

ஜூன் கடைசியில் ஒருநாள் கட்டட வேலை நின்றது. அசார் 15, நம் ஆனி மாதத்தின் பாதி, அங்கே நடவுத் திருநாள். வீடு வீடாகத் தயிரும் அவலும் சாப்பிட்டுவிட்டு மழையோடு வயலில் இறங்குகிறார்கள். வயல் என்றால் படிப்படியாக வெட்டிய துண்டுகள், சில இடத்தில் இரண்டு பாய் அகலம்தான் இருக்கும், மேல் வயலின் மடை வழியே தண்ணீர் கீழ் வயலுக்கு விழுகிறது. எங்கள் ஊரில் அன்றைக்குக் குறுவை இல்லை, அந்த வருடம் ஜூன் 12-ல் மேட்டூர் திறக்கவே இல்லை. வெடித்துக் கிடந்த எங்கள் வயலை நினைத்துக்கொண்டே அந்த ஊர்ச் சேற்றில் கால் வைத்தேன்.

வாழ்க்கையில் முதல் தடவை. அப்பா என்னை வரப்போடு நிறுத்திவிடுவார், "வெயில்ல நிக்காத, போய்ப் படி" என்று. நெல்லு விற்ற காசில் படித்த எனக்கு ஒரு நாற்றை எப்படிப் பிடிப்பது என்று தெரியவில்லை, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி வந்து இதைத் தெரிந்துகொண்டபோது அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதே அக்கா நான் நட்டதைப் பிடுங்கினார். மூன்று நாற்றாகக் கிள்ளி எடுத்து, வேரைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து, விரல் பாதி புதையும் அளவுக்கு மட்டும் சேற்றில் செருகி, விரலைப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டார். நாற்று நின்றது. நான் நட்டதெல்லாம் கழுத்துவரை புதைந்து கிடந்தன.

ஆகஸ்ட் 13-ல் மேட்டூர் திறந்தார்கள். புரட்டாசியில் எங்கள் வயலில் சம்பா நடவு. லீவு போட்டுவிட்டு வந்து புடவையை வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினேன், அப்பா வரப்பில் நின்று ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். நடவுக்கு வந்திருந்த பெரியம்மா என் வரிசையில் இரண்டு குத்தைப் பிடுங்கி மறுபடி மேலாக நட்டார். "அவ்வளவு ஆழம் வேணாம் பாப்பா. மெதுவா நடு, யாரு தொரத்துறா?"

பதினோரு மணிக்குக் கரையேறியதும் நான் கொண்டுபோன தூக்குவாளியைத் திறந்தேன். தயிரும் அவலும்.