பானைக்குள்ள கோழித்தீனி

கடைத்தீவனம் மூட்டை விலையைக் கேட்டதும் அம்மாச்சியோட பழைய வழிக்கே திரும்பிட்டேன். வாய் உடைஞ்ச பானைக்குள்ள கிழிஞ்ச கோணி, காய்ஞ்ச சாணி, வைக்கோலைத் திணிச்சு, தண்ணி தெளிச்சு, சாயங்காலம் கரையான் நடமாடுற இடமாப் பாத்துக் கவுத்து வச்சேன். விடியக்காலையில தூக்கிப் பாத்தா உள்ள கரையான் அப்பிக் கிடக்கு! வெயில் ஏறினா மண்ணுக்குள்ள இறங்கிடும், அதுக்குள்ள எடுத்துடணும். குஞ்சுங்க முன்னால தட்டினா ஒரே சண்டை.

பெரிய கோழிகளுக்கு அரிசித் தவிட்டுல அசோலா பிசைஞ்சு வைக்கிறேன். தொட்டித் தண்ணியில சாணி கரைச்சு வளர்க்குற குட்டி மிதக்கும் செடி அது. முதல் நாள் ஒண்ணுகூட வாய் வைக்கல. சாண வாடை போக நல்லா அலசணுமாம், அப்புறம்தான் தெரிஞ்சது. இப்ப தொட்டிப் பக்கம் போனாலே காலைச் சுத்துதுங்க.

முருங்கைக் கொத்தைக் கயித்துல தொங்கவிட்டிருக்கேன். சேவல் மட்டும் எம்பாது. கீழ உதிர்றதைப் பொறுக்கிக்கிட்டு நிக்குது, பெரிய மனுசன்.